வேலிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

செமோர் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து நான் ஈப்போவுக்குப் போய், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் இருந்த தங்கையை நிறுத்திவிட்டு, மறுநாள் முதல் தன்னோடு பால்மரம் வெட்டக் கூட்டிப்போவதென்று அம்மா முடிவு செய்திருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போவதாகப் பேச்சு. இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் நியாயம்.

அன்று மாலை, நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்ததை அவரிடம் சொன்னேன். போர்க்காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த இடத்துக்கு எனக்குத் தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை. நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளை நினைத்து, “வேலி போட்ட லயம்மா” என்றேன்.

“எந்தத் தோட்டம்?”

“தோட்டம் இல்லம்மா, ஐரோப்பா. ஜெர்மன்காரன் அடைச்சி வச்சான். பள்ளிக்கூடமே கூடாதுன்னுட்டான். கஞ்சி ஊத்துற எடத்துல ஒளிஞ்சி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“பசியிலயா? பைத்தியந்தான்லா!” என்று சிரித்தவர், “அந்தப் பிள்ளைங்க படிச்சி என்னாவா ஆனாங்க?” என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நெறையப் பேரக் கொன்னுட்டாங்கம்மா.”

“இப்பிடி ஆவும்னு வாத்தியாருங்களுக்குத் தெரியாதா?”

“போகப் போகத் தெரிஞ்சிருக்கும். அப்பயும் நிறுத்தலம்மா.”

அம்மா அடுப்பு ஊதுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். கோயிலில் திரை விலகும்போது மட்டும் நான் கண்டிருந்த முகம் அது. படித்தபோது வராத சிலிர்ப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

“ஏ புள்ள,” என்று தங்கையை அழைத்தார். “நாளைக்கி என்கூட எழுந்திரிக்காத. ஸ்கூல் பஸ்ஸுக்கு எழுந்திரிச்சாப் போதும்.”