கவுதாரி இறகுப் பூச்சியும் ஆற்றில் விழுந்த சிஞ்ஞோராவும்

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், துடைப்பான் கேட்டு நின்ற என் கையில் வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், ஒரு கவுதாரி இறகைத் தந்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாள். ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதில் பைத்தியம். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டதால் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்ட முடியவில்லை; அது என் வேலையானது. தூண்டில் முள்ளைச் சிறிய இடுக்கியில் பூட்டி, மஞ்சள் பட்டு நூலை உடம்பாகச் சுற்றி, கழுத்தில் இறகைச் சுற்றி முடிச்சுப் போடவேண்டும். நான் இறகைத் தடிப்பாகச் சுற்றிவிட்டேன்.

"கனக்கச் சுத்தாதை. ரெண்டு சுத்துக் காணும். தண்ணிக்குள்ளை இறகு அசைஞ்சாத்தான் மீன் அதை உயிருள்ள பூச்சியெண்டு நம்பும்," என்றார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என்னிடம் பெர்மெசோ, அங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், இல்லை. நான் இருந்த அல்பெர்கேரியாப் பகுதியில் சீருடையைக் கண்டாலே அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவேன். அதனால் ஒருநாள் மலையாற்றுக்கு வா என்று அவர் காரில் ஏற்றியபோது, வழியெல்லாம் சீருடை நிற்கிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன்.

சிஞ்ஞோரா முழங்காலளவு நீரில் நின்று பூச்சியை எதிர்க்கரைப் பக்கம் வீசினார். இழுக்காமல் விட்டார். நீரோட்டம் அதை வளைத்துக் கீழே கொண்டுபோனது. நூல் நேரானதும் மீன் கவ்வித் தூண்டில் தடி வளைந்தது. அவர் ஓரடி முன்வைத்தார். காலடியில் கல் உருண்டு, அவர் விழுந்தார்.

இடுப்புவரை இருந்த ரப்பர் சப்பாத்துக்குள் நீர் நிறைந்து அவரை இழுத்தது. நான் பாய்ந்து கோட்டைப் பிடித்தேன். தூக்க முடியவில்லை. பாலத்தில் ஒரு வனக்காவலர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் பேப்பர் கேட்பார். என்னைத் திருப்பி அனுப்பினால் மன்னாரில் முகாமிலிருக்கும் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? சிஞ்ஞோராவின் முகம் தண்ணீருக்குள் போனது.

"அயூத்தோ," என்று கத்தினேன். உதவி என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான்.

காவலர் ஓடிவந்தார். இருவருமாகக் கரையேற்றினோம். சிஞ்ஞோரா இருமித் தண்ணீரைக் கக்கினார். காவலர் என் பக்கம் திரும்பினார். "உங்கடை பேப்பர் எங்கை?"

சிஞ்ஞோராதான் படுத்தபடியே பதில் சொன்னார்.

"என்ரை வீட்டிலை வேலை செய்யிறா. இவவை அரசாங்கத்திலை பதியவேண்டியது நான். பதியாமல் இழுத்தடிச்சனான். கேக்கிறதெண்டா என்னைக் கேளுங்கோ."

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றிச் சிஞ்ஞோராமேல் போட்டார். "முதல் இவவைக் காருக்குக் கொண்டுபோவம்," என்றார்.

ஆற்றுக் குளிரில் வந்த காய்ச்சல் மாறியதும் சிஞ்ஞோரா என்னைப் பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்ற சீருடையைக் கண்டு நான் பின்வாங்க, என் கையைப் பிடித்து உள்ளே நடத்தினார். பெர்மெசோ கிடைக்கக் காலமெடுத்தது. ஆனால் கிடைத்தது.

வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பயம் வரும், அதைத் தடுக்க முடியாது. முதலில் கத்துங்கள். பிறகு பயப்படுங்கள்.