பாம்புக்காது

என் மகன் புதிதாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்து கூடத்தில் வைத்திருக்கிறான். நாதஸ்வரம் போட்டால் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்குமாம். "எப்டிக்கீது சொல்லும்மா, நேர்ல கேக்கற மாதிரியே இல்ல?" என்கிறான். என்னைக் கேட்பது நியாயம்தான். நான் இரண்டாங்கிளாஸோடு நின்றவள். ஆனால் எது பெட்டி, எது ஆள் என்று சொல்வதில் இந்த ஏரிக்கரையில் என்னை மிஞ்ச ஒருத்தரும் கிடையாது. ஏழு வயதில் எடுத்த பேர் அது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வருஷமெல்லாம் வலை, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று மட்டும் பம்பை மேளம். அந்த ஒரு நாள் ஊரே அவர் முகத்தைப் பார்க்கும்.

அந்த வருஷம் அம்மாவின் அண்ணன், மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, டேப் ரிக்கார்டரும் பேட்டரியும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்தார். நைனாவை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் காட்டினார். ஊர் வாயைப் பிளந்தது.

"இன்னா மச்சான், இனிமே நீ குந்திகினு கூழ் குடி. உன் வேலய இது பாக்கும்" என்றார் மாமா.

"ஆமாப்பா, இதுக்குக் கையும் வலிக்காது, கள்ளும் கேக்காது" என்றார் ஊர்ப் பெரியவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"யாருக்குமே வித்தியாசம் தெரியலன்னா பொட்டியே அடிக்கட்டும்" என்றார் நைனா.

கரையேற்றிய படகில் நடுவே பாயை மறைவாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் நைனா நின்றார். மாமா பெட்டிகளையும் அங்கேயே, அடிபடாமல் வலைக் குவியலின் மேல் பத்திரமாக வைத்தார். நைனா என்னைத் தூக்கி இந்தப் பக்கம், படகின் முனைப் பலகையில் உட்கார வைத்து, "கால நல்லா ஊனிக்கோ கண்ணு, தூக்காத" என்றார். விழுந்துவிடுவேன் என்று பயம்போல.

அடிப்பது ஆளா பெட்டியா என்று இந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். பம்பை ஒலித்தது. பெரியவர் தப்பாகச் சொன்னார். அடுத்து அம்மாவைக் கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரர எனக்குத் தெரியாதா?" என்று சொன்னவள், பெட்டியைப் புருஷன் என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அது பொட்டி! நைனா இல்ல!" என்று கத்தினேன்.

மாமா மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஆறு தடவை. ஆறும் சரியாகச் சொன்னேன். அதிலென்ன கஷ்டம்? நைனா அடித்தால் உள்ளங்காலில் குறுகுறுக்கும். பெட்டி அடித்தால் பலகை சும்மா கிடக்கும். அம்மாவோடு ஏரியில் இறங்கிச் சேற்றில் இறால் தடவிப் பழகிய கால் எனக்கு. எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"இது காதா, பாம்புக்காதா!" என்றார் பெரியவர். மாமா டேப்பைச் சுருட்டிக்கொண்டார். அந்த ஆடியிலும் அதற்குப் பிறகு பல ஆடியிலும் நைனாதான் அடித்தார். நான் முன்வரிசையில் நிமிர்ந்து நிற்பேன்.

தலைப்பிள்ளை உண்டானபோது பொன்னேரி ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், என் இடது காது பிறவியிலேயே கேட்காதது, வலது காது பாதிதான் என்று. அப்புறம் யோசித்தேன். நைனா எப்போதும் என் வலப்பக்கம் வந்து நின்றுதான் பேசுவார். கோயில் வாசலில் மணிக்கணக்காகப் பம்பை அடிப்பார், அவர் குதிகால் அசைந்து நான் பார்த்ததே இல்லை.

பந்தயத்தன்று சாயங்காலம் அம்மா அவருடைய வலது குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கன்றிப்போய் வீங்கியிருந்தது. "இன்னா நைனா ஆச்சு?" என்றேன்.

"ஆளிச் சிப்பி ஓடு குத்திடிச்சி, கண்ணு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நானோ, கரையில் பார்த்து நடக்கத் தெரியாத நைனா என்று நினைத்துக்கொண்டு, என் பாம்புக்காதைத் தடவிப் பார்த்தபடி விளையாடப் போய்விட்டேன்.