ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு கட்டை

வண்டியைக் கிளப்பி ஓடவிட்டுவிட்டு மணியன் இறங்கிப் பின்பக்கம் போவார். புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பிடித்து, மனதுக்குள் இருபது வரை எண்ணுவார். பிறகு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கரி படிந்திருக்கும். முகம் சுண்டிவிடும். ஆனாலும் விடமாட்டார். துணியின் இன்னொரு மூலையைப் பிடித்து மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பார். பத்து நாட்களாகப் பரமத்தி வேலூரில் அவர் வீட்டு வாசலில் காலை இப்படித்தான் விடிகிறது.

"ஏனுங்க, துணியவே பாத்துட்டு நின்னா ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறது?" என்று ஆஸ்பத்திரி நாட்களில் முன் இருக்கையிலிருந்து மனைவி சென்னியம்மாள் குரல் கொடுப்பார்.

"சித்த இரு புள்ள. இந்த மூலை கொஞ்சம் தேவல மாதிரி தெரியுது."

தேவலை எல்லாம் ஒன்றுமில்லை. அதுவும் கரிதான்.

மணியனுக்கு அறுபத்திரண்டு வயது. குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். பயம் அவர் கூடவே பிறந்தது. காற்று கொஞ்சம் ஓங்கி அடித்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கொடி சாய்ந்திருக்குமோ என்று தோட்டத்துக்கு ஓடுவார். போனில் தெரியாத எண் வந்தால், சுட்டுவிடும் என்பதுபோல அதை மனைவியிடம் நீட்டிவிடுவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஊரே சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பூட்டை இழுத்துப் பார்க்காமல் பஸ் ஏறமாட்டார்.

அவருடைய கார் இருபது வருடத்துப் பழைய வெள்ளை டீசல் கார். யாரிடமோ ஓடிக் களைத்த பிறகு இவரிடம் வந்தது. சென்னியம்மாளின் சிறுநீரகம் பழுதான பிறகு வாங்கினார். திங்களும் வியாழனும் நாமக்கல்லுக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்து எழுந்தால் அவருக்குத் தலை கிறுகிறுக்கும். காருக்கு முன்பு ஒரு தடவை பஸ்ஸில் வரும்போது படிக்கட்டிலேயே மயங்கி விழுந்து நெற்றியில் மூன்று தையல். வாரம் இரண்டு முறை வாடகைக் கார் வைக்கக் கொடிக்கால் கொடுக்காது. ஆக, அந்தப் பழைய கார் ஓடினால்தான் அந்த அம்மாள் ஓடுவார். மணியனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

நாலுவழிச் சாலையில் முப்பதைத் தாண்டமாட்டார். பஸ் அரை மணியில் போகிற தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆக்குவார். முட்டை அடுக்கிய லாரிகூட அவரை முந்திக்கொண்டு போகும். "முட்டை ஒடஞ்சா வேற முட்டை ஏத்திக்கலாமுங்க" என்பார், கேலி செய்கிறவர்களிடம்.

முப்பதைத் தாண்டாததற்குச் சாட்சி ஒன்றும் காரிலேயே இருந்தது. ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முற்றிய அகத்திக் கட்டையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். எவ்வளவு மிதித்தாலும் பெடல் பாதிக்கு மேல் இறங்காது. நான்கு வருடங்களுக்கு முன்பு, கார் வாங்கிய புதிதில், டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது கீரம்பூர் பக்கத்தில் சென்னியம்மாள் சத்தமே இல்லாமல் சீட்டில் சரிந்துவிட்டார். பயத்தில் மணியனின் வலது கால் தானாக அழுந்திவிட்டது. முன்னால் போன டாரஸ் லாரியின் பின்பக்கம் கண்ணுக்கு நேரே வந்து நின்றபோதுதான் காலை எடுத்தார். ஒரு சாண் இடைவெளி. அந்த அம்மாளுக்கு வெறும் மயக்கம்தான், தண்ணீர் தெளித்ததும் எழுந்துகொண்டார். மணியனுக்குத்தான் இன்னும் தெளியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு லாரி மேல் பயமில்லை, தன் கால் மேல்தான் பயம். மறுநாளே கட்டை வந்துவிட்டது.

இப்போது அந்தக் கட்டைதான் குடியைக் கெடுக்கப் பார்த்தது. காரின் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும்; நான்கு வருடமாக அவர் அந்தப் பக்கமே போனதில்லை. பத்து நாட்களுக்கு முன்பு நாமக்கல்லில் பெட்ரோல் பங்க் ஓரத்துச் சோதனை மையத்துக்குப் போனார். கிருத்திகா என்ற இளம்பெண் குழாய்க்குள் கருவியைச் செருகிவிட்டு உள்ளே ஏறி மிதித்தாள். பெடல் பாதியில் நின்றது.

"ஐயா, அடியில என்னமோ இருக்குதுங்க. முழுசா மிதிச்சாத்தான் மிஷின் எடுக்கும்."

மணியன் கம்பியைப் பிரித்துக் கட்டையை எடுத்தார். அவள் மறுபடி மிதித்தாள். எஞ்சின் அலறியது. நான்கு வருடக் கரி மொத்தமும் வந்து பெட்ரோல் பங்க்கை மூடியது. டீசல் போட வந்தவர்கள் இருமிக்கொண்டு ஓடினார்கள். மிஷின் புகை அளவு எண்பத்திரண்டு என்று காட்டியது.

"அறுபத்தஞ்சுக்குள்ள வரோணுங்க ஐயா. சரி பண்ணிட்டு வாங்க" என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஊர் திரும்பி மெக்கானிக் கைலாசத்திடம் போனார். கைலாசம் ஏர் ஃபில்டரை மாற்றினார், ஆயிலை மாற்றினார், பெடலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். மணியன் பழையபடி கட்டையைக் கட்டியிருந்தார்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. நாலு வருசமாப் பயந்து பயந்து ஓட்டி உள்ள பூராக் கரி கட்டிப்போச்சு. அத வண்டிதான் துப்போணும். இந்தக் கெரகத்தக் கழட்டிப் போட்டுட்டு, மூணாங் கியர்ல நாமக்கல் வரைக்கும் நல்லா மிதிச்சுட்டுப் போங்க. ஆஃப் பண்ணாம, சூட்டோட டெஸ்டுக்கு உடுங்க."

"வேற வழியே இல்லீங்களா?"

"டீசல் பம்பை எறக்கி வேல பாக்கலாம். அந்தக் காசுக்கு நீங்க வேற காரே பாத்துக்கலாம்."

"நீயே ஓட்டிக் குடுத்துரேன் கைலாசம்."

"இன்னைக்கு ஓட்டிருவனுங்க. ஆறு மாசத்துல மறுக்காவும் டெஸ்டு வருமில்ல? அப்ப யாரு மிதிப்பா?"

அதற்குப் பிறகுதான் வெள்ளைத் துணி. மிதிக்காமலே கரி குறைந்துவிடாதா என்ற நப்பாசை. வியாழன் போனது. திங்களும் போனது. கடைசி வியாழன் வந்தது. ஆர்சிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. துணியின் நான்கு மூலைகளும் தீர்ந்துவிட்டன.

அன்று மணியன் தானே கட்டையை அவிழ்த்தார். சென்னியம்மாள் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பஸ்ல வந்துரு புள்ள. நான் தனியா ஓட்டிட்டு வந்தர்றேன்."

"பஸ்ல உழுந்து இன்னும் மூணு தையல் போடறதுக்கா? மிதிங்க, பாத்துக்கலாம்."

பரமத்தி தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தார். கார் உறுமியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலையே தெரியவில்லை, கரும்புகைதான் தெரிந்தது. பின்னால் வந்த பைக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கினான். மணியனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பது. அறுபது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். கீரம்பூர் வந்தது.

"புள்ள, பேசிட்டே வா. சும்மா இருக்காத."

"என்னத்தப் பேசறது? அட, முட்டை வண்டியத் தாண்டிட்டீங்க பாருங்க!"

தாண்டித்தான் விட்டிருந்தார். கண்ணாடியில் லாரியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. இடையில் இருந்த கரும்புகையைக் காணோம்.

சோதனை மையத்தில் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். கிருத்திகா மிதித்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவள் மூன்று தடவை கூப்பிட்டும் கேட்கவில்லை. சென்னியம்மாள்தான் தோளைத் தட்டினார்.

"அறுபத்தொண்ணுங்க ஐயா. பாஸ்" என்று கிருத்திகா காகிதத்தை நீட்டினாள். மணியன் அதை வாங்கி, எண்ணை இரண்டு தடவை படித்து, அறுபத்தைந்தைவிட அறுபத்தொன்று குறைவுதானே என்று அவளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. சென்னியம்மாள் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். காரிலிருந்து இறங்கும்போது கட்டையைச் சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பிப் போகும் வழியிலும் கீரம்பூர் வரும். மிஷினிலிருந்து எழுந்து வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கட்டையைக் கட்டினால் கரி சேரும். கட்டாவிட்டால் கால் இருக்கிறது.

வேப்பமர நிழலில் கார்க் கதவைத் திறந்து வைத்து, மணியன் நெடுநேரம் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இடுப்பிலிருந்து கொடிக்கால் கத்தியை எடுத்துக் கட்டையின் மேல்பக்கத்தைச் சீவத் தொடங்கினார். பெடல் இன்னும் ஒரு விரற்கடை இறங்கும் அளவுக்குக் கனம் குறைந்ததும் நிறுத்தினார். நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். வேட்டியில் கிடந்த சிராய்களில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, சீவிய இடத்திலேயே திரும்ப வைத்து, முன்பு எவ்வளவு உயரம் இருந்தது என்று அழுத்திப் பார்த்தார். அப்புறம் கட்டையைப் பெடலுக்கு அடியில் வைத்துக் கம்பியை முறுக்கினார். அந்தச் சிராயை மட்டும் கீழே போட மனம் வராமல், சட்டைப்பையில் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.