பனிக்காட்டில் வந்த தேங்காய் எண்ணெய் மணம்

போன தை மாதம் என் கணவர் பனிக்குள் காணாமல் போனார். ஆண்டவர் அவரை எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

ஊரில் நடந்த ஒரு போரில் இருந்து தப்பி ஒஸ்லோவுக்கு வந்த மனுசன், இன்னொரு போருக்குள் தானாகவே வான் ஓட்டிக்கொண்டு போனார். உக்ரேனில் தங்கள் நாட்டின் சுதந்திரத்துக்காகப் போராடும் படையினர், காட்டுக்குள் பதுங்குகுழி வெட்டிக் குளிர்காலம் முழுக்க முகாமிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அடுப்பும் கம்பளிக் காலுறையும் கொண்டுபோகத்தான் இந்தப் பயணம்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன்.

"பங்கருக்கை இருந்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். என்னாலை இஞ்சை சும்மா இருக்கேலாது" என்றார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் உள்ள எங்கள் செபக்குழுப் பெண்கள், மாதா படத்துக்கு முன் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிகளை உருக்கி, வெறும் தேங்காய்ப்பால் டின்களில் ஊற்றி, பதுங்குகுழிக்கு விளக்குச் செய்தோம். அதில் ஒரு கூத்து நடந்தது. குழுவில் உள்ள ராணி அக்கா பால்கனியில் வைத்திருந்த வாளியையும் மெழுகென்று நினைத்து உருக்கி ஊற்றிவிட்டோம். அது ஊரிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய்! குளிரில் வெள்ளையாய் உறைந்து கிடந்திருக்கிறது. வீடெல்லாம் மணம்.

"அங்கையும் குளிர்தானே, இறுகும். அனுப்புவம்" என்றார் ராணி அக்கா. சிரித்துக்கொண்டே அனுப்பினோம்.

அந்த டின்கள் முதல் வானில் போய்ச் சேர்ந்தன. அடுத்த வானை ஓட்டிப்போனவர்தான் என் கணவர். காட்டுப் பாதைக்குத் திரும்புவதாகச் செய்தி போட்டார். அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. அங்கே பனிப்புயல் என்று செய்தியில் சொன்னார்கள். முதலில் மாதாவோடு சண்டை பிடித்தேன். பிறகு முழங்காலில் விழுந்தேன். "தாயே, உன் மகனிடம் சொல்லி அவருக்கு ஒரு வழி காட்டு" என்று கதறினேன். செபக்குழுப் பெண்கள் வந்து என்னோடு செபமாலை சொன்னார்கள்.

செபமாலை முடியமுன்னமே தொலைபேசி அடித்தது. அவர்தான்!

"இஞ்சரப்பா, வான் பள்ளத்துக்கை சறுக்கிப்போச்சு. இறங்கி நடந்தன். எதிரிக்குத் தெரியக்கூடாதெண்டு முகாமிலை ஒரு வெளிச்சமும் இல்லை. கதை முடிஞ்சுது எண்டு நிக்க, தேங்காயெண்ணெய் மணம் வந்துது. அந்த மணத்துக்குப் பின்னாலையே போனன். பங்கருக்கை உங்கடை டின் எரியுது!"

உக்ரேன் காட்டில் தேங்காய் எண்ணெய் மணக்குமா? மணந்ததே! நாங்கள் பிழையாய் ஊற்றியதை ஆண்டவர் வழிகாட்டியாக்கினார். நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்திய சத்தத்தில் கீழ்வீட்டு நோர்வேக்காரர் வந்து கதவைத் தட்டினார். விசயத்தைக் கேட்டு அவரும் அழுதுவிட்டார்.

கணவர் சுகமாய் வீடு வந்தார். போர் இன்னும் முடியவில்லை. முன்பெல்லாம் செபம் என்றால் எனக்கு என் வீடு, என் பிள்ளைகள் மட்டும்தான். இப்போது அந்த முகாமில் இருக்கும் பொடியன்களின் பெயர்களையும் அவரிடம் கேட்டுச் சொல்லித்தான் செபிக்கிறேன்.

வழி தெரியாமல் நிற்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

இந்தக் குளிர்காலமும் என் கணவர் வான் எடுக்கிறார். நான் கத்தவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறப்போகிறேன்.