மஹாலட்சுமியின் கால்கள்

"அக்கா, காலை ஆட்டாதீங்க. பெஞ்சு ஆடிக்கினே இருக்குது, எழுத முடியல."

ஜெபகுமார் மஹாலட்சுமியிடம் முதன்முதலில் பேசியது இதுதான். காஞ்சிபுரத்துப் பயிற்சி மையம் ஒன்றில் வங்கித் தேர்வுக்கான ஆங்கில டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. திருப்புட்குழியில் தன் தெருவின் முதல் பட்டதாரி அவன். அந்த மிடுக்கு குரலிலும் இருந்தது. அவள் கால்களை இழுத்துக்கொண்டாள். அதன்பின் பேனா ஓடவில்லை. ஐம்பது சொற்களில் பதினொன்றுக்குத்தான் பொருள் எழுதினாள்.

"நேத்து அம்பதும் வந்துதுப்பா," என்றாள் வெளியே வந்து. "காலு நின்னா எல்லாமே நின்னுபோவுது."

நோட்டு வாங்கப் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போன அன்றுதான் அவனுக்குப் புரிந்தது. தறிக்குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தாள். எதிரே சொற்பட்டியல் தொங்கியது. இடது மிதிக்கு ஆங்கிலச் சொல், வலது மிதிக்குப் பொருள்.

"ரிலக்டன்ட்... மனசில்லாம. ஆப்ஸ்டினேட்... புடிச்ச புடிய வுடாத."

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, படிக்க அவளுக்கு வேறு நேரமில்லை.

"வயசு முப்பத்தொண்ணு. இந்த வருஷம் வுட்டா அப்புறம் எழுத முடியாதுப்பா. எங்க வூட்டுக்காரரு, உனக்கு முன்னாடி தறி பாஸாயிடும்னு கிண்டல் பண்றாரு."

ஜெபகுமாரால் சிரிக்க முடியவில்லை. அன்று முதல் சேர்ந்து படித்தார்கள். கால்விரலை மட்டும் அழுத்திச் சொல்ல அவள் பழகிக்கொண்டாள்.

தேர்வன்று இருவருக்கும் ஒரே ஹால், அடுத்தடுத்த கம்ப்யூட்டர். பதற்றத்தில் விரல் போதாமல் முழுப் பாதமும் மிதிக்கத் தொடங்கியது. கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"காலை ஆட்டாதீங்கம்மா. பக்கத்துல இருக்கிறவருக்குத் தொந்தரவு."

பக்கத்தில் இருந்தவன் ஜெபகுமார். 'எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல சார்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. தன்னையும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். அவள் கால்கள் நின்றுபோயின.

ரிசல்ட் வந்தபோது அவளுக்கு ஒரு மார்க்கில் போய்விட்டது.

"ஒரே ஒரு வார்த்தைப்பா. ரெட்டிசென்ட். அம்பது வாட்டி மிதிச்ச வார்த்தை," என்றாள். அவனைக் குறை சொல்லவில்லை. 'மனதில் இருப்பதை வெளியே சொல்லாத' என்று அதற்குப் பொருள். அவன் அதற்குச் சரியான விடையைக் குறித்திருந்தான்.

ஜெபகுமார் இப்போது வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறான். மஹாலட்சுமி அதே தறியில் நெய்கிறாள். வயது வரம்பில்லாத வேறொரு தேர்வுக்கான சொற்பட்டியல் எதிரே தொங்குகிறது.