ஈரத் தரையில் மெழுகிய சாணி

அந்த வாரம் எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பாவும் மச்சானும் உருளைக்கிழங்கு கிண்டும் வேலைக்கு வெலிமடைக்குப் போயிருந்தார்கள். அக்கா தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், பிறந்து சில நாளே ஆன மகளோடு படுத்திருந்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது.

வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே ஓடும் வடிகால் கான் மழையில் அடைத்து, கக்கூஸ் பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்குள் புகுந்துவிட்டது. மழை விட்டதும் சேற்றை மம்மட்டியால் வழித்துக் கொட்டினோம். பாத்திரங்களை அம்மா வெந்நீரில் போட்டு எடுத்தாள். நனைந்த கோதுமை மாவையும் கொட்டச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனாலும் கொட்டினாள். மறுநாள் அக்கா வரவேண்டும். தரையில் தூவச் சுண்ணாம்பு வாங்க ஹல்துமுல்லைக்கு நடந்தேன்.

"இவ்வளவு சுண்ணாம்பா? வீட்ல கல்யாணமா தம்பி?" என்றார் கடைக்கார நானா.

"இல்ல நானா, வெள்ளம்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

திரும்பி வந்தபோது தரை முழுக்க மெழுகியிருந்தது. பிள்ளை பெற்றவள் மெழுகிய தரையில்தான் கால் வைக்க வேண்டும் என்பது எங்கள் லயத்து வழக்கம். அம்மா சாணிக் கையோடு வாசலில் நின்றாள்.

"பாத்தியா, எப்படி இருக்குன்னு."

உள்ளே போனேன். குதிகால் அமிழ்ந்து, கறுப்புத் தண்ணீர் கசிந்தது.

"மேல காஞ்சுரும்மா. அடியில இருக்கிற ஈரம் எங்க போகும்?"

"அதுக்காக? பச்சப்புள்ளய சேத்துல எறக்கச் சொல்றியா?"

"கக்கூசு தண்ணிம்மா அது. அது மேலதான் புள்ள படுக்கணும்."

 அம்மா மம்மட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே சொரண்டு. என் கையால மெழுகினத என்னால எடுக்க முடியாது."

நான் சுரண்டச் சுரண்ட, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அள்ளி வெளியே கொட்டியதும் அவள்தான்.

சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், அக்காவையும் பிள்ளையையும் இன்னும் மூன்று நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். சம்மதித்தார்கள்.

"எனக்கென்ன, கட்டில்ல படுத்திருக்கேன்," என்றாள் அக்கா. "நீங்க மெதுவாவே காய வைங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வர அவள் துணிமணியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். அம்மா அந்த மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கட்டிலடியில் அடுக்கினாள்.

சுண்ணாம்பைத் தூவி, கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டு, மேல் லயத்தில் பெரியம்மா வீட்டில் படுத்துக்கொண்டோம். அம்மா கொழுந்தெடுக்கப் போகவில்லை. பொழுதெல்லாம் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பைக் கூட்டி அள்ளி, கடைசியில் மெல்லிசாக மெழுகினாள். அது அன்றைக்கே காய்ந்தது.

அக்கா வந்தாள். புதுப் பாயில் பிள்ளையைக் கிடத்தினோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பாய்க்கு அடியில் கையை விட்டபடியே இருந்தாள்.

"ஈரம் இருக்காம்மா?" என்றேன்.

"இல்லய்யா," என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

சுண்ணாம்பு, பாய், கொட்டிய மாவு, அம்மா வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து எங்களுக்குப் பதினாறு ரூபாய் ஆனது, ஏறக்குறைய அம்மாவின் ஒரு வாரச் சம்பளம்.