தாமிரபரணியை அடுப்பில் ஏற்றியவள்

1994 அக்டோபர் 7, காலை ஆறே கால், மூட்டமான வானம். பிளேக் பயத்தில் தெருவில் தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறியதும், ஸ்ரீவைகுண்டத்தில் இப்போது இல்லாமலே போய்விட்ட எங்கள் ஆற்றங்கரைத் தெருவும், என் சிறுவயதில் காலராவில் தங்கை சுருண்டு கிடந்தபோது ஓயாமல் புகைந்த அம்மாவின் அடுப்பும் கண்முன் வந்தன.

ஆற்றுநீரைக் காய்ச்சுவது ஆற்றையே அவமதிப்பது என்று நினைத்த தெரு அது.

"மயினி, ஆத்துக்குக் குளிருதுன்னு அடுப்புல ஏத்துதியளா?" என்று அடுத்த வீட்டுக்காரி சிரித்தாள்.

"ஆறு கோவிச்சாக் கோவிக்கட்டும், எம் மவ பொழைக்கணும்" என்றாள் அம்மா.

வெந்நீரில் உப்பும் கருப்பட்டியும் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். ஐந்தாம் நாள் தங்கை எழுந்து உட்கார்ந்து, "சோறு போடும்மா" என்று அதட்டினாள். அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு அடுப்பிலும் தாமிரபரணி கொதித்தது.

எனக்கு ஆன செலவு, விறகுக்காக உடைத்த என் உண்டியலில் இருந்த ஏழரை அணா.